ஜூலை மாதத் தீர்ப்பு

சென்னை சென்ட்ரலில் இருந்து அரக்கோணம் போகும் லோக்கல் ரயிலில் திருநின்றவூரைத் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் வேப்பம்பட்டு. சுற்றுவட்டாரத்தில் கல்லூரிகள், அவற்றின் மஞ்சள் பஸ்கள், நடுநடுவே பிளாட் போட்டு விற்கிற கல் நட்ட நிலங்கள். ஜூலையில் புதுசாக அட்மிஷன் ஆனவர்கள் இன்னும் வகுப்பறை எதுவென்று தெரியாமல் அலைந்துகொண்டிருப்பார்கள். ஆனால் அதற்குள் கல்லூரிகளின் பாஸ்கெட்பால் கோர்ட்டுகளில் ஒரு வேலை ஆரம்பித்திருக்கும். சாயந்திரம் நாலரை மணி வாக்கில் கோர்ட் ஓரத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்துகொண்டு, வார்ம் அப் ஓடும் பையன்களைப் பார்த்தே இந்த வருஷம் டீம் எங்கே போய் நிற்கும் என்று முடிவு செய்துவிடுவார்கள்.

"அந்த ஃபர்ஸ்ட் இயர் பையன் ஆறடி நாலு அங்குலமாம்டா!"

"அப்ப சென்டர் கிடைச்சாச்சு. ஜோன் நமக்குத்தான்."

இவ்வளவுதான் விவாதம். தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இன்னும் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை!

இதைக் கேலி செய்யவும் முடியாது, ஏனென்றால் ஊர் அப்படி. ஒரு ஸ்டேஷன் முன்னால் இருக்கும் திருநின்றவூர்தான் பூசலார் நாயனாரின் ஊர். கையில் காசில்லாமல், மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, கல் அடுக்கி, கோபுரம் எழுப்பி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தவர் அவர். அதே நாளில் காஞ்சியில் ராஜா கட்டிய கற்கோயிலுக்கும் கும்பாபிஷேகம். சிவபெருமான் ராஜாவின் கனவில் வந்து, நாளைத் தள்ளி வை, நான் பூசலார் கோயிலுக்குப் போகவேண்டும் என்றார் என்கிறது பெரியபுராணம். சீசன் ஆரம்பிப்பதற்கு முன்னால் ரசிகர்கள் செய்வதும் இதே கட்டட வேலைதான். என்ன, பூசலாருக்கு எதிர்த்து ஆட வேறு டீம் இல்லை.

ஆடாத அணியை எடை போடுகிற இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதன் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தது. ஆனால் அந்த நூலின் ஒரு முனை நம்ம நந்தனத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பதால் இது அவ்வளவு தூரத்துக் கதையும் இல்லை.

ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்து நந்தனத்துக்கு

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் உள்ளேயே ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்தார். பீச் பழக் கூடைகள் இரண்டு, 13 விதிகள், 18 மாணவர்கள். பக்கத்துக்கு 9 பேர். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. அன்றைக்கு யார் ஜெயிப்பார்கள் என்று யாரும் ஆரூடம் சொல்லவில்லை. சொல்வதற்கு போன வருஷம் என்று ஒன்று இல்லையே!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நெய்ஸ்மித் பிறகு கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்தார். அவருடைய கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. புகழ்பெற்ற அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருக்கும் ஒரே பயிற்சியாளர், அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவரேதான். பெயரை மட்டும் பார்த்து எடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆரம்பத்திலேயே ஒரு உதாரணம் கிடைத்துவிட்டது.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் மெட்ராஸுக்கு வந்து 1920ல் உடற்கல்விக்கு ஒரு பள்ளியை ஆரம்பித்தார். அதுதான் இன்றைக்கு நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1924 பாரீஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணியைத் தயார் செய்ததிலும் பக்கிற்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பி.டி. மாஸ்டர்கள் போனது இந்த இடத்தில் இருந்துதான். அதாவது பாஸ்கெட்பால் நமக்குச் சுற்றி வளைத்து வரவில்லை. அது பிறந்த வீட்டிலேயே படித்த ஒருவர் நேராகக் கொண்டுவந்து கொடுத்தது. ஆட்டம் வந்தது, விதிகள் வந்தன, விசிலும் வந்தது. வராதது ஒன்றே ஒன்று: கணிப்பை எழுதி வைக்கும் பழக்கம்.

ஓட்டுப் போட்டு எடை போட்டவர்கள்

அமெரிக்காவில் கல்லூரி ஆட்டம் பெரிய வியாபாரமாக வளர்ந்த பிறகு, எந்தக் கல்லூரி பெரிசு என்ற சண்டையைத் தீர்க்க அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒரு வழி கண்டுபிடித்தது. நாடு முழுக்க இருக்கும் விளையாட்டு நிருபர்களிடம் ஓட்டு வாங்கித் தரவரிசை போடுவது. பாஸ்கெட்பாலுக்கு இது 1949 ஜனவரியில் ஆரம்பித்தது. முதல் தரவரிசையில் முதலிடம் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்கு. அப்போதெல்லாம் சீசன் பாதி ஓடிய பிறகு போட்ட பட்டியல் என்பதால் அதில் ஒரு நியாயம் இருந்தது. 1961-62 சீசனில்தான் விஷயம் மாறியது. ஒரு பந்துகூட உருள்வதற்கு முன்பே பட்டியல் வெளியிட ஆரம்பித்தார்கள்.

வருஷா வருஷம் நவம்பரில் சீசன் தொடங்கும். அதற்குச் சில வாரங்கள் முன்னால் பட்டியல் வந்துவிடும். 1960களில் 10 அணிகள், 1989-90ல் இருந்து 25. முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 24 என்று இறங்கி, 25ஆம் இடத்துக்கு ஒரு புள்ளி. ஓட்டுப் போடுபவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? போன வருஷம் ஆடிய ஐவரில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள், புதுசாக யாரைப் பிடித்திருக்கிறார்கள், பயிற்சியாளர் யார், கல்லூரியின் பெயர் என்ன. கொஞ்சம் யோசித்தால் வேப்பம்பட்டு கோர்ட் ஓரத்தில் பார்ப்பதும் கிட்டத்தட்ட இதேதான்.

அக்கவுண்டன்சியில் குட்வில் என்று ஒன்று படிப்போம். ஒரு கடையின் நல்ல பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு, சரி. ஆனால் தானே சம்பாதித்துக்கொண்ட குட்வில்லைச் சொத்தாகக் கணக்கில் ஏற்றக்கூடாது என்பது விதி. ஏன்? அதை நம்பகமாக அளக்க வழி இல்லை. சீசனுக்கு முந்தைய தரவரிசை என்பது அந்த விதியை மீறிப் போட்ட பேலன்ஸ் ஷீட் மாதிரி. அளக்க முடியாததை அளந்து, முதல் வரியிலேயே எழுதிவிடுகிறார்கள்.

முதல் வருஷமே பாடம் கிடைத்தது. 1961-62க்கு முன்கூட்டியே முதலிடம் பெற்ற ஒஹையோ ஸ்டேட் இறுதி ஆட்டம் வரை போனது உண்மை. அங்கே அதே மாநிலத்து சின்சினாட்டியிடம் 71-59 என்று தோற்றது. பாதி சரி, பாதி தப்பு. அதற்குப் பிறகான 60 வருஷக் கதையையும் இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்தான். ஆனால் சில வருஷங்கள் அப்படிச் சும்மா விட்டுவிடக்கூடியவை அல்ல.

உயரம் தோற்ற வருஷமும் ஜெயித்த வருஷமும்

1963-64. லாஸ் ஏஞ்சலீஸில் யு.சி.எல்.ஏ. அணிக்கு ஜான் வுடன் பயிற்சியாளர். 1948ல் வந்தவர், அதுவரை ஒரு தேசியப் பட்டம்கூட வாங்கவில்லை. அந்த வருஷ அணியில் ஆரம்ப ஐவரில் ஒருவர்கூட 6 அடி 5 அங்குலத்துக்கு மேல் இல்லை. அமெரிக்கக் கணக்கில் இது குட்டை டீம். பட்டத்துக்கான பேச்சில் அவர்கள் பெயரைப் பெரிதாக யாரும் எடுக்கவில்லை. வுடன் என்ன செய்தார் என்றால், எதிரணி பந்தை உள்ளே போட்ட நொடியிலேயே முழு கோர்ட்டிலும் நெருக்கிப் பிடிக்கும் ஸோன் பிரஸ் முறையை வைத்தார். உயரமானவன் கூடைக்குக் கீழே போய் நின்றால்தான் உயரத்துக்கு மதிப்பு. பந்து அவனிடம் போய்ச் சேரவே விடாவிட்டால்? இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற டியூக் அணியில் 6 அடி 10 அங்குலத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். யு.சி.எல்.ஏ. 98-83 என்று ஜெயித்தது. சீசன் கணக்கு 30 வெற்றி, தோல்வி பூஜ்யம்.

சரி, உயரம் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. அடுத்த கதையும் அதே கல்லூரியில்தான் நடந்தது.

1965 நவம்பர் 27. யு.சி.எல்.ஏ. அதற்குள் இரண்டு வருஷம் தொடர்ந்து சாம்பியன். புது சீசனுக்கும் முன்கணிப்பில் முதலிடம். புதிதாகக் கட்டிய பாலி பெவிலியன் அரங்கத்தைத் திறந்துவைக்க ஒரு காட்சி ஆட்டம் வைத்தார்கள். ஒரு பக்கம் சாம்பியன் அணி. இன்னொரு பக்கம் அதே கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள். அந்தக் காலத்து விதிப்படி முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆட முடியாது (1972-73ல்தான் இந்தத் தடை போனது). முதலாண்டு அணியில் 7 அடிக்கு மேல் உயரமான ஒரு பையன் இருந்தான். பெயர் லூ அல்சிண்டர், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார். அவன் ஒருவனே 31 புள்ளி. முதலாண்டு மாணவர்கள் 75-60 என்று ஜெயித்துவிட்டார்கள். நாட்டிலேயே சிறந்த அணி என்று பட்டியல் போட்ட அணி, அந்தக் கல்லூரிக்குள்ளேயே சிறந்த அணி இல்லை!

ஓட்டுப் போட்ட நிருபர்கள் அன்று ராத்திரி எப்படித் தூங்கியிருப்பார்களோ. அந்த முதன்மை அணி அந்த வருஷம் 18 வெற்றி, 8 தோல்வி என்று முடித்து, தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. அல்சிண்டர் ஆட ஆரம்பித்த பிறகு 1967, 68, 69 என்று மூன்று வருஷமும் பட்டம் யு.சி.எல்.ஏ.வுக்கு.

அதாவது, ஆறடி நாலு அங்குலப் பையனைப் பார்த்து வாய்பிளக்கும் வேப்பம்பட்டு ரசிகன் முட்டாள் இல்லை. உயரம் நிஜமாகவே ஒரு சொத்து. ஆனால் அது ஆட்டத்தில் எங்கே எப்படி வேலைக்கு வரும் என்பது வார்ம் அப்பில் தெரியாது.

நம்ம நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. பஞ்சாபின் பல்லோ கே என்ற கிராமத்துப் பையன் சத்னாம் சிங், 7 அடி 2 அங்குலம். லூதியானா அகாடமியில் பயிற்சி பெற்று, அமெரிக்காவுக்குப் போய், 2015ல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணியால் 52ஆவது ஆளாகத் தேர்வானார். என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். அன்று நாடே துள்ளியது. ஆனால் என்.பி.ஏ.வின் முறையான சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆட அவருக்கு வாய்ப்பு வரவில்லை. பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். அவர் மேல் தப்பு சொல்ல எதுவும் இல்லை. அந்த உயரத்தின் மேல் நாம் கட்டிய கோபுரம்தான் பெரிசு.

கணக்கிலேயே இல்லாதவர்கள்

1966ல் நடந்தது இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. தேசிய இறுதி ஆட்டத்தில் கென்டக்கியும் டெக்சஸ் வெஸ்டர்ன் என்ற கல்லூரியும். கென்டக்கி அணி முழுக்க வெள்ளையர்கள். தெற்கு மாநிலங்களின் பெரிய கல்லூரிகள் பலவும் அப்போது கறுப்பின மாணவர்களை அணியில் சேர்ப்பதே இல்லை. டெக்சஸ் வெஸ்டர்ன் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ் ஐந்து கறுப்பின வீரர்களை ஆரம்ப ஐவராக இறக்கினார். இறுதி ஆட்டத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. 72-65 என்று டெக்சஸ் வெஸ்டர்ன் ஜெயித்தது.

இங்கே கணிப்பு தப்பியது ஒரு தவறான கூட்டலால் இல்லை. பாதிப் பேரைக் கூட்டலில் சேர்க்கவே இல்லை. யாரிடம் திறமை இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு பார்க்கிறவனுக்கு, மற்றவர்கள் கோர்ட்டில் நின்றாலும் கண்ணில் படமாட்டார்கள். இதை அமெரிக்காவோடு மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. சிமெண்ட் தரை பெயர்ந்து, வலை கிழிந்து, ஒரு பக்க போர்டு மட்டும் மிச்சமிருக்கும் அரசுப் பள்ளி கோர்ட்டில் ஆடி வளர்கிற பையனை எத்தனை கல்லூரிகள் தேடிப்போய்ப் பார்க்கின்றன?

1982 டிசம்பர் 23ஆம் தேதிக் கதை கொஞ்சம் ஜாலியானது. நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த வர்ஜீனியா, ஜப்பானில் ஆடிவிட்டு ஊர் திரும்பும் வழியில் ஹவாயில் இறங்கி, சமினாட் என்ற குட்டிக் கல்லூரியோடு ஒரு ஆட்டம் ஆடியது. வர்ஜீனியாவில் 7 அடி 4 அங்குல ரால்ஃப் சாம்ப்சன். சமினாடில் படித்த மொத்த மாணவர்களே ஆயிரத்துக்கும் குறைவு. சாம்ப்சனைக் காவல் காத்த டோனி ராண்டால்ஃப், பள்ளிக் காலத்திலேயே அதே மாநிலத்தில் அவருக்கு எதிராக ஆடியிருந்தவர். அந்த ராத்திரி ராண்டால்ஃப் 19 புள்ளி எடுத்தார், சமினாட் 77-72 என்று ஜெயித்தது. ஹவாய்க்கும் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நேர வித்தியாசம் அதிகம் என்பதால், அங்கே பத்திரிகைகள் அச்சுக்குப் போன பிறகுதான் செய்தியே வந்தது. வந்த செய்தியையும் பலர் நம்பவில்லை. இந்த ஆட்டத்தின் புகழை வைத்துத்தான் 1984ல் மாவி தீவில் சீசன் தொடக்கப் போட்டி ஒன்று ஆரம்பமானது. முன்கணிப்புகளைச் சோதித்துப் பார்க்கும் முதல் பரீட்சை மாதிரி அது இன்றும் நவம்பரில் நடக்கிறது.

எல்லாமே தப்பாகப் போயின என்று சொன்னால் அதுவும் பொய். 1991-92ல் டியூக் முன்கணிப்பிலும் முதலிடம், முடிவிலும் முதலிடம். 2008-09 நார்த் கரோலினாவுக்கு ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் முதலிடம் கொடுத்தார்கள், அவர்களும் பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்தார்கள். அதே நார்த் கரோலினா 2022-23லும் முதலிடத்தில் தொடங்கியது. முந்தைய வருஷ இறுதி ஆட்டத்தில் ஆடிய ஐவரில் நாலு பேர் திரும்பி வந்திருந்தார்கள். 20 வெற்றி, 13 தோல்வி. 1985ல் தேசியப் போட்டி 64 அணிகளாகப் பெரிதான பிறகு, முன்கணிப்பில் முதலிடம் பெற்றும் உள்ளே நுழைய முடியாத முதல் அணி அது.

வானிலைக்காரர் வந்தார்

கண்ணால் பார்த்துச் சொல்வது இப்படி ஆட்டம் காண, கணக்குப் போடுகிறவர்கள் உள்ளே வந்தார்கள். அவர்களில் பிரபலமானவர் கென் பொமராய். 2000களின் தொடக்கத்தில் இருந்து தரவரிசை போடுகிறவர். அவருடைய அசல் தொழில் வானிலை ஆய்வு! மழை வருமா, லீவு விடுவார்களா என்று டிவியில் ரமணன் சார் முகத்தைப் பார்த்துக் காத்திருந்த நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்தப் பொருத்தம் உடனே புரியும்.

அவர் முறையின் அடிப்படை ரொம்ப எளிமையானது. ஒரு அணி ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி எடுக்கிறது என்று பார்க்காதே, 100 தடவை பந்து கைக்கு வந்தால் எத்தனை புள்ளி எடுக்கிறது என்று பார். ஒரு அணி 80 தடவை பந்தைப் பெற்று 80 புள்ளி எடுக்கிறது. இன்னொன்று நிதானமாக ஆடி 62 தடவையில் 70 புள்ளி எடுக்கிறது. ஸ்கோரைப் பார்த்தால் முதல் அணி பெரிசு. நூற்றுக்குக் கணக்குப் பார்த்தால் முதல் அணிக்கு 100, இரண்டாவதுக்கு 113. காமர்ஸ் படிக்கிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டர்ன் ஓவர் அதிகமாக இருக்கும் கடையும் லாபம் அதிகமாக இருக்கும் கடையும் ஒன்றல்ல. கூடவே எதிரணி எவ்வளவு பலம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுகிறார். சீசன் ஆரம்பத்தில் பெரிய கல்லூரிகள் காசு கொடுத்து நோஞ்சான் அணிகளை வரவழைத்து 40 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்பது வழக்கம். அந்த வெற்றிகளின் காற்றை இந்தக் கணக்கு இறக்கிவிட்டுவிடும்.

இருந்தாலும் இப்போது கணக்கும் திணறுகிறது. 2021ல் இருந்து மாணவர்கள் வருஷத்துக்கு ஒரு கல்லூரி என்று மாறுவது சுலபமாகிவிட்டது. அதே வருஷம் ஜூலையில் இருந்து தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. 2025-26ல் கல்லூரிகளே எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து 2 கோடி டாலருக்கும் மேல் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. போன வருஷ ஐவரில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்ற பழைய அளவுகோலே உடைந்துபோனது. திரும்பி வருவதற்கு யார் இருக்கிறார்கள்?

இங்கே என்ன நடக்கிறது

தமிழ்நாட்டில் பாஸ்கெட்பால் ரசிகர்கள் இல்லை என்று நினைப்பவர்கள் மே மாதம் பெரியகுளம் போய்ப் பார்க்கவேண்டும். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஊரே திரண்டு உட்கார்ந்திருக்கும். கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பை. சென்னை லயோலாவில் பெர்ட்ரம் நினைவுப் போட்டி. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே அணிகளின் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் கூட்டம் இங்கே உண்டு. 2022 ஏப்ரலில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கத்தில் நடந்த தேசிய சீனியர் போட்டியில் தமிழ்நாடு ஆண்கள் அணி பஞ்சாபைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கியது. தெற்கு ரயில்வேயின் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன் ஆனவர். 2017ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை பி பிரிவை அவர் தலைமையில் இந்தியா ஜெயித்தது, 2021ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆக ஆட்டமும் இருக்கிறது, பார்க்கத் தெரிந்த கண்ணும் இருக்கிறது. வித்தியாசம் சீசனின் அமைப்பில் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி அணி ஒரு சீசனில் 30 ஆட்டங்களுக்கு மேல் ஆடும். தரவரிசையும் வாராவாரம் திருத்தப்படும். நவம்பரில் சொன்னது தப்பு என்றால் டிசம்பரில் மாற்றிக்கொள்ளலாம். 1965ல் யு.சி.எல்.ஏ.வைத் தூக்கிவைத்தவர்களுக்குத் தங்கள் தப்பைப் பார்த்துத் திருத்த 26 ஆட்டங்கள் இருந்தன.

இங்கே கல்லூரிகளுக்கு இடையேயான ஜோன் போட்டி பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு ஆட்டம் தோற்றால் கிட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஜெயிக்கிற கல்லூரிகளில் இருந்து பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள். பல்கலைக்கழக அணி தென்மண்டலத்தில் ஆடும். நான்கு மண்டலங்களில் இருந்தும் முதல் நாலு இடம் பிடித்த அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். இந்த ஏணியின் முதல் படியில் ஒரே ஒரு நாற்பது நிமிஷம்தான். அந்த நாற்பது நிமிஷத்தில் யார் கோர்ட்டுக்குள் நிற்பார்கள் என்பதைத் தீர்மானிப்பது ஜூலையில் கோர்ட் ஓரத்தில் உருவாகும் அந்த அபிப்பிராயம். "அவன் குட்டை, பெஞ்சுக்கு வச்சுக்கலாம்" என்று ஒருமுறை முத்திரை விழுந்த பையனுக்கு அதைப் பொய்யாக்க அடுத்த வாரம் என்று ஒன்று கிடையாது.

அந்தப் பையனுக்கு இதில் போவது கப் மட்டும் இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் வாங்கி வந்தவனுக்கு, ஆடுகிற வரைக்கும்தான் ஃபீஸ் சலுகை என்று சொல்லாமல் சொல்லப்பட்டிருக்கும். பல்கலைக்கழக அணியில் ஆடிய சர்டிபிகேட் இருந்தால் வங்கி, ரயில்வே, போலீஸ் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு விண்ணப்பம் போடும்போது கைகொடுக்கும். அமெரிக்கப் பையனுக்குக் கோடிகளில் பேரம் என்றால், இங்கே ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம். தொகை சின்னது, பந்தயம் சின்னது இல்லை.

கோர்ட் ஓரத்தில் உட்கார்பவர்கள் பார்க்கவேண்டியது எது என்று பழைய ஆட்டக்காரர்களைக் கேட்டால் உயரத்தைக் கடைசியில்தான் சொல்வார்கள். மூச்சு வாங்கும்போது ஃப்ரீ த்ரோ போடுகிறானா? சும்மா நிற்கும்போது பத்துக்கு எட்டு போடுவது பெரிசில்லை, இரண்டு கோர்ட் ஓடிவிட்டு வந்து போடவேண்டும். ஷாட் மேலே போன உடனே பந்தைப் பார்க்கிறானா, பக்கத்து ஆளை முதுகால் அடைக்கிறானா? இரண்டு பேர் வந்து நெருக்கினால் கார்டு கையில் பந்து நிற்கிறதா? பந்து கையில் இல்லாத நேரத்தில் என்ன செய்கிறான்? ஐந்தாவது ஃபவுலில் ஒருவன் வெளியே போனால் அடுத்து உள்ளே வருகிற ஆறாவது ஆள் யார்? இதெல்லாம் ஒரே சாயந்திரத்தில் தெரிகிற விஷயம் இல்லை, பத்துப் பதினைந்து சாயந்திரம் வரவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்க நிருபரின் தப்பு அச்சில் இருக்கிறது, 60 வருஷம் கழித்தும் எடுத்துப் பார்த்துச் சிரிக்க முடிகிறது. இங்கே யார் என்ன சொன்னார்கள் என்று எங்கேயும் எழுதி வைப்பதில்லை. அதனால் யாருமே தப்பாகச் சொன்னதும் இல்லை. ஜோன் போட்டியில் முதல் ரவுண்டிலேயே தோற்றுத் திரும்பின மறுநாள் அதே இடத்தில் அதே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அவர் அப்போது சொன்னது நேர் எதிர் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆறடி நாலு அங்குலப் பையன் முழங்காலில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பான். அரக்கோணம் லோக்கல் வேப்பம்பட்டைத் தாண்டுகிற சத்தம் கேட்கும்போது பேச்சு மாறியிருக்கும்.

"அடுத்த வருஷம் ஒரு சென்டர் வர்றானாம். ஆறடி அஞ்சாம்."